பரசுராமன் கட்டிய காப்பு

என் தகப்பனார் பரசுராமன் இந்தத் தை மாதம் இறந்தார். வயது நாற்பத்தாறு. திருத்தணி ஃபுட்பால் அணிக்காரர்கள் அவருக்குப் படத்திறப்பு வைக்கிறார்கள். அன்று வாசிக்க ஒரு வாழ்க்கைக் குறிப்பு எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நான் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். எழுதிப் பழக்கமில்லை. தெரிந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

நைனா பிறந்தது பொதட்டூர்பேட்டையில், நெசவுக் குடும்பத்தில். பதினெட்டாவது வயதில் தறியை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் ஒரு ரயில்வே பட்டறையில் உதவியாளாகச் சேர்ந்தார். பட்டறைக்கு ஃபுட்பால் அணி இருந்தது. அதில் பதினான்கு வருஷம் சென்டர் ஃபார்வேர்டாக ஆடினார். வெறுங்கால்தான். கணுக்காலில் மட்டும் துணி சுற்றிக்கொள்வார். பந்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தொட்டுவிட்டு, அரை பம்பு காற்று குறைகிறது என்று சொல்வாராம். அடித்துப் பார்த்தால் குறைந்திருக்குமாம். ஒரு பருவத்தில் இருபத்தேழு கோல் போட்டார். அந்த வருஷத்துக் குழுப் படத்தில் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். முழங்காலில் பந்து.

1948இல் பட்டறை அணி பூட்ஸுக்கு மாறியது. அவருக்கு அது ஒத்துவரவில்லை. பந்து காலில் படுவதே தெரியவில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அந்தப் பருவம் முழுக்க ஒரே ஒரு கோல். அதுவும் முட்டியில் பட்டு உள்ளே போனது. மறுவருஷம் அவர் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, இளையவர்களுக்குக் கோச்சாகப் போட்டார்கள். மரியாதைதான். அவருக்கு அது மரியாதையாகப் படவில்லை. ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு திருத்தணிக்கு வந்தார். தாலுகா ஆபீசுக்கு எதிரில் சைக்கிள் வாடகைக் கடை வைத்தார்.

இங்கே அணியைச் சேர்த்தது அவர்தான். விடியற்காலையில் மலைப்படியில் ஏறி இறங்க வைப்பார். பக்தர்கள் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஆட்களில் பாதிப்பேர் நெசவாளிகள். குழித்தறியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிப்பவனுக்கு இடது கால், வலது கால் என்ற பேதம் கிடையாது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் வந்துகொண்டிருந்த தணிகாசலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குள்ளமான ஆள். எந்தக் காலால் அடிப்பான் என்று கோல்கீப்பருக்குக் கடைசிவரை தெரியாது.

தணிகாசலத்துக்குப் பூட்ஸ் பிடித்திருந்தது. இரவல் பூட்ஸில் கூட கோல் போட்டான். நைனாவுக்கு அது பொறுக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

1955 ஆடி மாதம் அரக்கோணத்தில் ஒரு கோப்பைப் போட்டி. இறுதி ஆட்டத்தில் திருத்தணியும் சென்னை அணி ஒன்றும். ஜெயித்தால் சென்னையில் போய் ஆடலாம். எல்லாரும் பூட்ஸ் போட வேண்டும் என்பது போட்டி விதி. பத்துப்பேருக்கு நைனா சம்மதித்தார். ஒருவன் மட்டும், நடுவில் நிற்பவன், வெறுங்காலில் ஆடி ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கக் காப்புக் கட்டிக்கொண்டவன் தோலைக் காலில் போட மாட்டான். இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆட்டத்துக்கு முதல் நாள் நைனா தணிகாசலத்தின் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு ஒன்றைக் கட்டினார். அவன் விரதம் எதுவும் எடுத்திருக்கவில்லை.

மைதானத்தில் ரெஃப்ரி அவன் காலைப் பார்த்து நிறுத்தினார். முருகனுக்குக் காப்புக் கட்டியிருக்கிறான், தோல் ஆகாது என்று நைனா சொன்னார். ரெஃப்ரி விட்டுவிட்டார். சென்னை அணித் தலைவர் காப்பைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

முதல் பாதியில் தணிகாசலம் ஒரு கோல் போட்டான். இடைவேளையில் அவன் பாதம் வீங்கியிருந்தது. பூட்ஸ் போட்டுக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறான். காப்போடு பூட்ஸ் போட்டால் பொய் வெளியே தெரியும். நைனா வேண்டாம் என்றார். இரண்டாம் பாதியில் இருவர் ஒரே பந்துக்குப் பாய்ந்தார்கள். எதிராளியின் பூட்ஸ் தணிகாசலத்தின் வலது கணுக்காலில் இறங்கியது. யார் பேரிலும் தப்பில்லை.

ரயிலில் வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். படம் எடுத்தவன் நான். மூட்டிலேயே மூன்று துண்டு. ஃபிலிமைக் கழுவும்போதே தெரிந்துவிட்டது, அந்தக் கால் இனிமேல் மடங்காது என்று. மேஜையில் படுத்திருந்தவன் கையை நீட்டி, கத்தரி இருக்கிறதா என்று கேட்டான். நூல் படத்துக்கு இடைஞ்சல் இல்லை, இருக்கட்டும் என்றேன்.

"அறுத்துடு பாலு. இது நெஜ காப்பு இல்ல. உங்க நைனா கட்டினது."

அறுத்தேன். வெளியே பெஞ்சில் நைனா உட்கார்ந்திருந்தார். அவரிடம் ஃபிலிமைக் காட்டினேன். காப்பைப் பற்றி அன்று பேசவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு தணிகாசலத்தால் தறிக்குழியில் இறங்க முடிந்தது, மிதிக்க முடியவில்லை. ஊரில் வேறு பேச்சு கிளம்பியது. காப்புக் கட்டிக்கொண்டு தோல் பந்தை உதைத்தான், முருகன் காலை வாங்கிவிட்டான் என்றார்கள். அடுத்த ஆடியில் அவர்கள் தெருவில் காவடி வந்தது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவிட்டு, போய்க்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் வீட்டு வாசலில் நிற்கவில்லை. அவன் மனைவி சந்திரா குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதற்கு முன்பே நைனா அந்த வீட்டுக்குப் போயிருந்தார். சைக்கிள் கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், தறியை நான் ஓட்டுகிறேன் என்று கேட்டார். சந்திரா வாசலை விட்டு நகரவில்லை.

"கோலு போடச் சொல்லிக்குடுத்துக்கினு இருந்தீங்க. இப்ப தறி ஓட்ட வந்துட்டீங்களா?"

உள்ளேயிருந்து தணிகாசலம், "வுடு சந்திரா, வரட்டும்" என்றான்.

தறியை விட்டு இருபத்துநான்கு வருஷம் ஆகியிருந்தது. முதல் வாரம் நெய்த லுங்கி கரை கோணியது. சந்திரா அதை அவர் முன்னாலேயே பிரித்துப்போட்டாள். தணிகாசலம் குழிக்கு மேலே காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எடது காலுண்ணே, எடது காலு. தூங்கிக்கினு மிதிக்காத" என்பான். நைனா கால் மாற்றி மிதிப்பார். திங்கட்கிழமை போனால் சனிக்கிழமைதான் திருத்தணிக்கு வருவார். மூன்று வருஷத்துக்கு மேல் அப்படியே போனார், வந்தார். அணியின் பக்கம் திரும்பவில்லை. விசிலை யாருக்குக் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

ஊரில் அவரைக் கொண்டாடினார்கள். விளையாடியவனுக்காக இப்படி உழைக்கிற கோச்சை எங்கே பார்க்கலாம் என்று கடையில் வந்து அம்மாவிடம் சொல்வார்கள். நைனா இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு தீபாவளிக்கு நான் வந்திருந்தபோது அவரிடம் கேட்டேன். "சொல்லிடு நைனா. அவங்க வாசல்ல காவடியாவது நிக்கும்."

"சொன்னா அவன் காலு மடங்குமாடா?" என்றார். பிறகு, "சொல்றேன். ஆடி வரட்டும்" என்றார்.

ஆடி வந்தது. அந்த வருஷமும் காவடி தாண்டிப் போனது. அவர் தறிக்குழியில்தான் இருந்தாராம். உடுக்கைச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் மிதிப்பதை நிறுத்தினாராம், எழுந்திருக்கப் போகிறார் என்று தணிகாசலம் நினைத்தானாம், சத்தம் தாண்டிப் போகும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, பஸ்ஸிலிருந்து இறங்கியவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் மறுநாள்தான் வந்து சேர்ந்தேன். பாதங்களைக் கழுவியது நான். கட்டைவிரல் இரண்டிலும் தறி மிதித்த காய்ப்பு. பந்தால் வந்த காய்ப்பு எது, இது எது என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். இதை எழுதலாமா என்று கேட்டேன். தணிகாசலம் வேண்டாம் என்றான். செத்தவரைத் தெருவில் இழுக்க வேண்டாம், நான் பழகிவிட்டேன் என்றான். சந்திரா தறி ஓரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"எழுது பாலு. எம் பொண்ணுக்கு நாளைக்கு ஒரு எடத்துலேர்ந்து கேட்டு வரணும். எல்லாத்தையும் எழுது. அவரு மூணு வருசம் தறி ஓட்டினதையும் சேத்து எழுது. அதுவும் நெஜந்தானே."

எழுதிவிட்டேன். தணிகாசலம் எந்த விரதத்தையும் மீறவில்லை. காப்பைக் கட்டியது பரசுராமன், என் தகப்பனார். வருகிற ஆடியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து காவடி எடுப்பவர்கள் இங்கே வந்திருந்தால், அந்த வீட்டு வாசலில் நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.