ஐம்பத்தாறு கண்ணாடி ஜாடிகள்: கானாடுகாத்தானுக்குப் பேட்டரி பார்க்கப் போனது

மாடியில் சோலார் போட்டாயிற்று, பேட்டரியும் வைக்கலாமா, பழையது ஒன்று மலிவாக வருகிறது, போய்ப் பார்க்கலாமா என்று இந்த வலைப்பூவுக்கு அடிக்கடி எழுதிக் கேட்கிறீர்கள். நானும் ஒரு தடவை பழைய வீட்டுப் பேட்டரி பார்க்கப் பயணம் போனவன்தான். அது 1973, மே மாதக் கடைசி. வீட்டு மாடியில் சோலார் என்று யாரும் கேள்விப்பட்டிராத காலம். ஆனால் பார்க்கப் போகிறவன் செய்கிற தப்பு அன்றும் இன்றும் ஒன்றுதான். படித்துவிட்டு ஆறுதல் சொல்லி யாரும் எழுத வேண்டாம், அதற்காக இதை எழுதவில்லை.

அப்போதும் நான் இதே அமராவதிபுதூர் வீட்டில்தான் இருந்தேன், உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். என் மனைவி லூர்துக்குச் சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்திருந்தது. மகள் ஸ்டெல்லா பிறந்த பிறகு ரொம்ப மோசமாகிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தே இருப்பாள். முகத்தில் காற்று பட்டால் கொஞ்சம் அடங்கும். அந்தக் கோடையில் எங்கள் ஊரில் தினமும் பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனால் ஐந்துக்குத்தான் வரும். அந்த ஐந்து மணி நேரமும் நானும் அவள் தங்கை சகாயமும் மாறி மாறிப் பனையோலை விசிறியால் வீசுவோம். கை ஓய்ந்தால் அவள் உதடு நீலமாகும். பள்ளி திறக்கப் பத்து நாள்தான் இருந்தது. சகாயத்தையும் அவள் மாமியார் வீட்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

கார் பேட்டரி கிடைக்கும், ஆனால் அதில் ஓடுகிற வீட்டு விசிறி எங்கள் பக்கம் கிடையாது. இன்வெர்ட்டர் என்ற சொல்லே அப்போது காதில் விழுந்ததில்லை. அந்தச் சமயத்தில்தான் காரைக்குடி ரேடியோ கடை நண்பர் ஒரு வழி சொன்னார். ஊருக்கு மின்சாரம் வருவதற்கு முன்பே பெரிய வீடுகளில் எஞ்சின் வைத்து, பேட்டரியில் கரண்ட் ஏற்றி, அதிலேயே விளக்கும் விசிறியும் ஓட்டினார்கள் அல்லவா, அப்படி ஒரு செட்டு கானாடுகாத்தானில் முழுசாக இருக்கிறதாம், விசிறியோடு. ஏற்றுவதற்குச் சார்ஜர் நான் கட்டித் தருகிறேன், நீங்கள் போய்ப் பாருங்கள் என்றார். அந்த வீட்டுக்கார ஆச்சி காரைக்குடியில் இருந்தார். அவருக்கு விவரமாகக் கடிதம் எழுதினேன். எத்தனை ஜாடி, விரிசல் உண்டா, தகடு முழுசாக இருக்கிறதா, தண்ணீர் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டிருந்தேன். அவர் அதை வீட்டைப் பார்த்துக்கொள்கிற கணேசன் ஆசாரிக்கு அனுப்பிவிட்டார், ஆசாரியிடமிருந்து இன்லண்ட் லெட்டரில் பதில் வந்தது. ஐம்பத்தாறு ஜாடி, ஒன்றிலும் விரிசல் இல்லை, தண்ணீர் ஒரு நாளும் குறைந்ததில்லை. அன்றைக்கே, வரப்போகிற விசிறியை மாட்ட, கட்டிலுக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு இரும்புக் கொக்கி அடித்துவிட்டேன். லூர்து அதைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்துப் பல நாள் ஆகியிருந்தது.

காலை 6.15க்கு அமராவதிபுதூரில் பஸ். காரைக்குடிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர், இருபத்தைந்து காசு. அங்கே ஒரு காப்பி குடித்துவிட்டு 7.30 வண்டியில் ஏறினேன். கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான், பதினைந்து கிலோமீட்டர் இருக்கும், நாற்பத்தைந்து காசு, முக்கால் மணி நேரம். பள்ளி ஆய்வகத்திலிருந்து எடுத்த ஹைட்ராமீட்டரைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். திரவம் எவ்வளவு கனம் என்று காட்டுகிற மிதவைக் குழாய், கண்ணாடி.

"என்ன சார், குழந்தையை வச்சிருக்க மாதிரி வச்சிருக்கீக?" என்றார் கண்டக்டர்.

"உடைஞ்சா தலைமையாசிரியர் என்னை உடைச்சிருவாரு" என்றேன். அவர் டிரைவரிடம் சொல்லிப் பள்ளத்தில் மெதுவாகப் போகச் செய்தார். அன்றைய பயணத்தில் நான் மகிழ்ச்சியாக இருந்த நேரம் அந்த முக்கால் மணி நேரம்தான்.

வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெரு முழுக்கப் பூட்டிய கதவுகள், ஒன்று மட்டும் திறந்திருந்தது. வாசலில் கணேசன் ஆசாரி குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"வாங்க சார். வெயிலுக்கு முந்தி வந்துட்டீக. செருப்பை அங்குட்டு விட்டுட்டு இங்குட்டு வாங்க. அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

கடிதத்தில் ஒரு வரி லூர்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை நினைவு வைத்துக் கேட்டார். பரவாயில்லை என்று பொய் சொன்னேன்.

வளவு என்கிற நடு முற்றத்தைத் தாண்டி, இரண்டாம் கட்டும் தாண்டி, கடைசியில் பேட்டரி அறை. தேக்குத் தட்டுகளில் இரண்டு வரிசையாக ஐம்பத்தாறு கண்ணாடி ஜாடிகள். எல்லாம் துடைத்துப் பளபளத்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் கோட்டுக்குச் சரியாக நின்றது. அமில நெடியே இல்லை. எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இயற்பியல் வாத்தியார் நினைத்த நினைப்பு அது.

"கிணத்துத் தண்ணி, ஊருணித் தண்ணி எதுவும் ஊத்துறதில்ல சார். மொத மழையை விட்டுருவேன். ரெண்டாவது மழையில, வளவுல விழுகிற தண்ணியை வெள்ளை வேட்டியில வடிகட்டி, பீங்கான் ஜாடியில பிடிச்சு வச்சிருவேன். மாசம் பொறந்தா ஊத்திருவேன். பெரிய செட்டியார் மலேயாவுக்குக் கப்பலேறயில, 'கணேசா, தண்ணியை மட்டும் குறையவிட்றாத'ன்னு சொல்லிட்டுப் போனாக. அவுக அங்கயே தவறிப் போனாக. நான் ஒரு மாசம் விட்டதில்ல."

மூடியைத் திறந்து முதல் ஜாடியில் ஹைட்ராமீட்டரை விட்டேன். நன்றாக ஏற்றிய பேட்டரியில் 1,200க்கு மேல் மிதந்து நிற்கும். வெறும் தண்ணீரில் 1,000. இங்கே 1,020 வரை இறங்கி நின்றது. குழாய்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஆசாரியிடம் குடிக்கிற தண்ணீர் வாங்கி அதில் விட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது. இரண்டாவது ஜாடி, 1,020. மூன்றாவது, 1,015. குனிந்து தகடுகளைப் பார்த்தேன். கருவாட்டின் மேல் உப்புப் பூத்த மாதிரி வெள்ளை பூத்திருந்தது. அமிலமெல்லாம் தண்ணீரை விட்டுத் தகட்டில் போய் உறைந்துவிட்டது.

"எஞ்சின் எங்க இருக்கு?" என்றேன்.

"எஞ்சினா? வீட்டுக்கு மெயின் லைன் கரண்ட் வந்தவுடனே வித்துட்டாகளே. ஏழு வருசமாச்சு."

ஏழு வருஷம். இந்த வகைப் பேட்டரியைக் கொஞ்ச நாள் ஏற்றாமல் விட்டால் மீட்டுப் பார்க்கலாம். ஏழு வருஷம் ஏற்றாமல் விட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இருந்தும் ஐம்பத்தாறையும் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் மூடி திறந்து, குழாயை விட்டு, குனிந்து படித்தேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஆசாரி பக்கத்திலேயே நின்று மூடிகளை வாங்கி வாங்கி வைத்தார். கடைசி ஜாடி முடிந்ததும், "எப்படி சார் இருக்கு? ஓடுமில்ல?" என்றார்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "ஏழு வருஷமா பொணத்துக்குத் தண்ணி ஊத்தியிருக்கீரு" என்றேன்.

அவர் முகம் செத்துப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். என் கடிதம்.

"தண்ணி இருக்கான்னுதானே சார் எல்லாரும் கேட்டாக. செட்டியார் அதைத்தான் சொன்னாக, ஆச்சியும் அதைத்தான் கேட்டாக. நீங்களும் அதைத்தானே எழுதியிருக்கீக. கரண்ட் ஏத்துனியான்னு ஒருத்தரும் கேக்கலையே."

என் கையெழுத்தில் நாலு கேள்விகள். ஐந்தாவது கேள்வி இல்லை. மாணவன் விட்டிருந்தால் பரீட்சையில் முட்டை போட்டிருப்பேன். அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தார். வெயில் கொளுத்தியது. காரைக்குடி வண்டி தூரத்தில் தெரிந்தபோது, "இனிமே ஊத்தணுமா, வேணாமா? நீங்களே சொல்லிருங்க சார்" என்றார்.

வேணாம் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். ஊத்துங்கள் என்று சொல்லியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? ஐம்பது வருஷமாக அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

காரைக்குடியில் பஸ் மாறி வீடு சேர்ந்தபோது மணி 2.10. கரண்ட் இல்லை. சகாயம் விசிறியை இடது கைக்கு மாற்றியிருந்தாள். லூர்து என் வெறுங்கையைப் பார்த்தாள், பிறகு மேலே கொக்கியைப் பார்த்தாள். நான் சட்டையைக் கூடக் கழற்றாமல் விசிறியை வாங்கிக்கொண்டேன். பள்ளி திறந்த மூன்றாவது வாரம், மத்தியானம், நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஆள் அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

இனி உங்களுக்கான விஷயம். பழைய பேட்டரி பார்க்கப் போகிறவர்கள் பெட்டி பளபளப்பாக இருக்கிறதா என்று பார்த்து மயங்காதீர்கள். கடைசியாக எப்போது ஏற்றினீர்கள், அதற்குப் பிறகு எவ்வளவு நாள் சும்மா கிடந்தது என்பதை முதல் வரியிலேயே கேளுங்கள். விசிறியையோ விளக்கையோ மாட்டி ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். தேறாது என்று தெரிந்தால், இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டவரிடம் பதமாகச் சொல்லுங்கள். கொக்கியைக் கடைசியில் அடியுங்கள்.

போன மார்கழியில் ஸ்டெல்லா எங்கள் மாடியில் சோலாரும் கீழே லித்தியம் பேட்டரியும் போட்டுக் கொடுத்தாள். என் மதிப்பீட்டையும் கேட்டிருந்தீர்கள். நல்ல பேட்டரி. கரண்ட் போனது தெரிவதே இல்லை. ஒரு விசிறி மட்டும் என்றால் விடிய விடிய ஓடுகிறது. விசிறியைப் புது இடத்தில் மாட்டலாம் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். நான் அந்தப் பழைய கொக்கியிலேயே மாட்டச் சொல்லிவிட்டேன். கட்டில் இப்போது அங்கே இல்லை. கீழே வெறும் தரைதான், விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது.