பாத்திமா அக்கா மாற்றிய முடிவு

நூறு வருடங்களுக்கு முன் அமெரிக்க மலிவு விலை இதழ்களில் எழுதிய ஒருவரின் பேய்க்கதைகளைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். அவற்றில் யாரும் உயிரோடு வீடு திரும்புவதில்லை. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா கேட்டதால் அவற்றை வாசித்துக் காட்டுவேன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோய் உடம்பு ஓய்ந்திருந்தது.

அன்று பாதிக் கதையில் கண் சொக்கியது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி, கிள்ளை ஊர்க்காரரான பாத்திமா அக்கா, தாள்களை வாங்கிக்கொண்டார்.

"நீ கொஞ்சம் தூங்கும்மா. நான் படிக்கிறேன்."

விழித்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா தயங்கினார்.

"கோவிச்சுக்காத, முடிவ மாத்திட்டேன். கதையில வர்றவன் தப்பிச்சி வூட்டுக்குப் போயிட்டான்னு சொன்னேன். இங்க வச்சி வேற எப்பிடிப் படிக்கிறது?"

"அப்பா என்ன சொன்னாரு?"

"நாம எப்ப வூட்டுக்குப் போவோம்னு கேட்டாரு."

வாரக்கணக்கில் அப்பா அதைக் கேட்டதே இல்லை.

பிறகு அவர் வீடு வந்து சேர்ந்தார். கதையை மூலத்தில் உள்ளபடியே அச்சுக்குக் கொடுத்தேன். அப்பாவிடம் மட்டும் அந்தப் புத்தகத்தை இன்னும் காட்டவில்லை.