‘போகவேண்டும்’ என்றிருந்த பலகை

பாலைப்பழத்தின் பால் காய்ந்து உதடுகள் ஒட்டிக்கொள்ள, அவற்றை நாக்கால் பிரித்துப் பிரித்துப் பேசித் திரிந்த ஒரு பழக்காலத்தில்தான், போர் முடிந்து நாங்கள் அகதி முகாமிலிருந்து புளியங்குளத்துக்கு அப்பாலிருந்த எங்கள் காணிக்குத் திரும்பினோம்.

அப்பா வயல் செய்பவர் என்றாலும் எழுத்துப் பிழை அவருக்குக் கண்ணில் விழுந்த தூசி. கடையில் ‘கோலி இறைச்சி’ என்று கண்டால் சைக்கிளை நிறுத்தி, “கோழிக்கு முதல் தமிழைச் சாக்காட்டிப் போட்டாங்கள்” என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். ஆறு வயதுத் தங்கச்சியோ முகாமில் அப்போதுதான் வாசிக்கப் பழகியிருந்தாள். கண்ட பலகையையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசிப்பாள், வாசித்ததை அப்படியே நம்புவாள்.

ஒருநாள் காலை விறகு பொறுக்கிக்கொண்டு திரும்பும்போது, சைக்கிளில் அவிழ்ந்த கட்டை அப்பா இறுக்கிக்கொண்டிருக்க, பின்னால் கேட்ட தங்கச்சியின் வாசிப்புச் சத்தம் நின்றுபோனது. திரும்பினோம். தெருவோரத்தில் மண்டையோட்டுப் படமில்லாத, யாரோ தமிழ் தெரியாதவர் அவசரத்தில் மையால் எழுதிய பலகை: ‘மீதி வெடி. உள்ளே போகவேண்டும்.’ பற்றைக் காட்டுக்குள்ளே, பாலை மரத்தடியில், தங்கச்சி குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

மிதிவெடி. போகவேண்டாம். எனக்கே விளங்கிவிட்டது. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவருடைய குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதேயில்லை.

“பிள்ளை, அசையாதை. அப்பிடியே நில்லு.”

“போகவேண்டும் எண்டுதானே அப்பா எழுதிக் கிடக்கு?”

“ஓம், ராசாத்தி. இப்ப வந்த அடியிலையே காலை வைச்சு மெல்லத் திரும்பி வா. ஓடாதை.”

அவள் நடந்தாள். பாதி வழியில் ஒரு காலைத் தூக்கியபடியே நின்று, “அடி தெரியேல்லை அப்பா” என்று அழத் தொடங்கினாள். என் தோளைப் பிடித்திருந்த அப்பாவின் நகங்கள் சதைக்குள் இறங்கின.

“சருகு நசிஞ்சு கிடக்குது பார். அதிலை வை.”

வைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தெருவுக்கு வந்தவளை அப்பா நிலத்தில் இருந்தபடியே அணைத்துக்கொண்டார். பிறகு கரிக்கட்டி ஒன்றைத் தேடியெடுத்துப் பலகையைத் திருத்தினார். அவருடைய எழுத்தும் கோணிப்போனது. கண்ணிவெடி அகற்ற வந்தவர்கள் அந்த மரத்தடியிலிருந்து ஒன்றைக் கிண்டி எடுத்தார்கள்.

இப்போது அந்தப் பலகையுமில்லை, பற்றையுமில்லை. பிழையான அறிவித்தல்களைப் படமெடுத்து நண்பர்கள் சிரித்தபடி அனுப்புகிறார்கள். நான் பார்க்காமலே அழித்துவிடுகிறேன். பற்றை இருந்த அந்த இடத்தில் ஒரு முன்பள்ளி இருக்கிறது. தங்கச்சி அங்கேதான் படிப்பிக்கிறாள். அன்றைய நாள் அவளுக்கு நினைவேயில்லை. பின்னேரங்களில் அவளை ஏற்றிவரப் போனால், “உள்ளுக்கு வாவன் அக்கா” என்று கூப்பிடுவாள்.

நான் தெருவிலேயே நிற்கிறேன்.