நாளைக்கு வரச் சொன்ன டைரக்டர்

இதை எழுதாமல் படுத்திருப்பேன். கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் நண்பன்தான் "உன்ர பம்பாய் மாமாவைப் பற்றி எழுதடா" என்று நச்சரித்தான். பத்தாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனிடம் கேட்கிற வேலையா இது?

ஜெர்மனியில், ஹம் நகரத்தில், எங்கள் வீட்டில் இந்திப் படம் ஓடினால் அம்மாவின் தம்பிதான் மொழிபெயர்ப்பாளர். இலங்கையிலிருந்து ஜெர்மனிக்கு வருமுன், ஆள் அனுப்பும் ஏஜென்டை நம்பிப் பம்பாயில் காத்துக் கிடந்தவர். அங்கே ஒரு பெரிய டைரக்டரின் படத்தில், சந்தைக் கூட்டத்தில் ஒருவராக நின்றாராம். டைரக்டர் இவர் முகத்தைப் பார்த்து "கல் ஆவ்" என்றாராம். நாளைக்கு வா, முன்னுக்கு நிறுத்துகிறேன் என்று மாமா அர்த்தம் சொல்வார். அன்றிரவே ஏஜென்ட் விமானம் ஏற்றிவிட்டான்.

அந்த டைரக்டரின் வாழ்க்கை மாமாவுக்கு மனப்பாடம். லைட் தூக்கியது, உருதுக் கவிஞர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தே வசனம் பழகியது, வரிசையாகப் படங்கள் படுத்தது, பிறகு ஒன்று ஓடோ ஓடென்று ஓடியது. அம்மா சொல்வார்: "அவற்ற படம் படுத்தது இருக்கட்டும், நீ எழும்பிச் சாப்பிட வா."

எனக்குப் பத்து வயதில், அந்த டைரக்டர் எஸ்ஸனில் ஒரு தியேட்டருக்குத் தன் பழைய படத்தோடு வந்தார். மாமா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னையும் ரயிலில் கூட்டிப் போனார்.

"அவருக்கு உங்களைத் தெரியுமோ மாமா?"

"கண்டவுடன பிடிப்பார். டைரக்டர்மார் முகம் மறக்கமாட்டினம்."

படம் முடிந்து வரிசையில் நின்றோம். கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் பிடிக்கவில்லை. மாமா கைகூப்பி, "மே கல் ஆயா" என்றார். கிழவர் குழம்பிப்போய் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் ஜெர்மனில் சொன்னாள்: நேற்றா வந்தீர்கள்? நான் இன்று காலைதானே வந்து இறங்கினேன் என்கிறார்.

இந்தியில் நாளைக்கும் நேற்றுக்கும் ஒரே சொல்தான், கல். பம்பாயில் எல்லாரும் நாளைக்கு வா, நாளைக்கு வா என்றே அலையவிட்டதில், மாமாவுக்கு அதன் மற்ற அர்த்தம் தெரியாது. நாளைக்கு வரச் சொன்னீர்கள், வந்துவிட்டேன் என்று சொல்லப் போனவர், நேற்று வந்தேன் என்றிருக்கிறார்.

"மாமா, நேற்றோ வந்தனீங்கள் எண்டு கேக்கிறார்!" நான் வயிற்றைப் பிடித்துச் சிரித்தேன். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். கிழவர் மாமாவின் கையைக் குலுக்கிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்.

திரும்பும் ரயிலில் மாமா கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"பாவம், அவருக்கு வயசு போயிட்டுது" என்றார்.

"ஓம் மாமா, உங்களுக்கு இந்தி போயிட்டுது."

எப்போதும் குட்டுகிறவர், அன்று குட்டவில்லை. பசியாக்கும் என்று நினைத்து, என் பிஸ்கட்டில் பாதியை நீட்டினேன்.

எழுதியதை நண்பனுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "படத்தின்ர பேரைச் சொல்லடா, சந்தைக் கூட்டத்துக்குள்ள மாமாவைத் தேடுவம்."