சன்னலோரத்துத் தனித்தட்டு

ஹாமெ நியாகாத்தே இருபத்தெட்டு ஆண்டுகள் பாரிஸில் குப்பை வண்டியின் பின்படியில் நின்று வேலை செய்தவர். மாலியிலிருந்து வந்த நாள்முதல் மோந்த்ரெய் தொழிலாளர் விடுதியில்தான் வாசம். அவர் சிரித்தால் மூன்றாம் மாடிக்குக் கேட்கும். பிரெஞ்சுக்காரனான நான் பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் அங்கே நடத்திய மாலை வகுப்புக்கு ஒருநாளும் தாமதமாக வராத ஒரே மாணவர். அவரைப் பற்றி நான் ஒரு குறும்படம் எழுதினேன். இவற்றுள் எதையும் அதில் சேர்க்கவில்லை.

ஆப்பிரிக்கத் தொழிலாளியைப் பற்றிப் பிரெஞ்சில் வந்த நாவல்களையும் படங்களையும் நாற்பது ஆண்டுகள் குறிப்பெடுத்துக் கற்றவன் நான். அவற்றில் அவன் பேசுவதில்லை; மழை பெய்யும் சன்னலோரம் தனியே உண்பான். ஆகவே ஹாமெயையும் தட்டுடன் சன்னலோரம் உட்காரவைத்தேன். என் பக்கத்து வீட்டு மதாம் லூர்தேல் கேமரா பிடித்தார். மழைக்குத் தோட்டக் குழாய்.

"நான் என்னிக்கு வாத்தியாரே தனியாச் சாப்பிட்டிருக்கேன்?" என்றார் ஹாமெ. அது குறியீடு என்று இருபது நிமிடம் விளக்கினேன். ஆசிரியர் மனம் நோகக்கூடாதென்று ஒப்புக்கொண்டார்.

படம் கைப்பேசிகள் வழியே அவர் ஊரை அடைந்தது. அங்கே ஊர்க்கூட்டத்தை மீறியவனைத்தான் பொது வட்டிலிலிருந்து விலக்கித் தனியே உண்ணவைப்பார்கள். விலக்கப்பட்டவர் வீட்டில் பெண்ணெடுப்பதில்லை என்று, அவர் மகள் கும்பாவின் கல்யாணப் பேச்சை மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

மன்னிப்புக் கடிதமொன்றை, ஒரு காற்புள்ளியும் பிசகாமல், எழுதிக்கொண்டு போனேன். ஹாமெ அதைப் பிரிக்கவே இல்லை.

"இதை அங்க யாரு படிக்கப் போறா? நாளைக்கு மத்தியானம் மதாமைக் கூட்டிட்டு வாங்க. நாங்க சாப்பிடறதை அப்படியே எடுக்கட்டும். நீங்க மட்டும் ஒண்ணும் எழுதாதீங்க."

எழுதவில்லை. ஒரே வட்டிலைச் சுற்றி ஏழு பேர் அமர்ந்தார்கள். ஹாமெ இறைச்சியைப் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளினார். யாரோ அவருடைய தொப்பையைக் கேலி செய்ய, சிரிப்பு மூன்றாம் மாடிக்கு ஏறியது. என்னையும் அழைத்தார்கள். கையால் உண்ணத் தெரியாத நான் தட்டும் முள்கரண்டியும் கேட்டு வாங்கி, சன்னலோரம் போய் அமர்ந்தேன்.

அந்தப் படமும் ஊர் போய்ச் சேர்ந்தது; அடுத்த வாரமே மாப்பிள்ளை வீட்டார் ஹாமெயிடம் தொலைபேசியில் பேசினார்கள். கல்யாணத்துக்கு நாளும் குறித்தார்கள். கடைசியில் ஒன்று விசாரித்தார்களாம்: சன்னலோரம் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த வெள்ளைக்காரக் கிழவர் என்ன குற்றம் செய்தார்?

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"நம்மைப் பத்திக் கதை எழுதினாருன்னு சொன்னேன்" என்றார் ஹாமெ. "அப்படின்னா சரிதான்னுட்டாங்க."