சீட்டுல போட்ட ரெண்டு இருபது

எம் பொண்டாட்டி வாசிலிக்கா முப்பது வருசம் ரயில்வே கேட்டு மூடித் தெறந்தவ. வண்டி ரெண்டு நிமிசம் பிந்துனாலே அவளுக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும்.

பேரன் பொறந்து நாப்பது நாள் முடிஞ்சதும், எங்க மக இலிங்கா அந்தத் தங்கக்கட்டியத் தூக்கிட்டு ருமேனியாவுல எங்க ஊரு யாஷ்ல இருந்து லண்டனுக்குப் பிளேன் ஏறுனா. ஒரு மணிக்குக் கெளம்பி ரெண்டு இருபதுக்கு எறங்கும்னு சீட்டுல போட்டிருந்துச்சு.

மூணு மணி ஆயும் போன் வரல. கண்ணு படாம இருக்கப் பிள்ளை கையில கட்ட வேண்டிய சிவப்பு நூலு மேசையிலயே கெடந்தத அப்பத்தான் வாசிலிக்கா பாத்தா.

"கண்ணு பட்டுருச்சுய்யா! பஸ்ஸுல ஏறுறவன் எறங்குறவனுக்கெல்லாம் புள்ளையக் காட்டுனியே!"

"அழகாப் பொறந்தா காட்ட மாட்டாங்களா? சும்மா இருடி."

சொல்லிட்டேனே ஒழிய, நானும் சீட்டையும் கடிகாரத்தையும் மாத்தி மாத்திப் பாத்தேன்.

நாலரைக்குப் போன் அடிச்சுது. "எறங்கிட்டோம்மா."

"இவ்வளவு நேரம் எங்கடி போனீங்க?"

"சரியான நேரந்தாம்மா! இங்க இப்ப ரெண்டரைதான். லண்டன் கடிகாரம் நம்மளவிட ரெண்டு மணி நேரம் பின்னாடி. ரெண்டாயிரம் கிலோமீட்டர ஒரு மணி நேரத்துல தாண்ட முடியுமா?"

போனுக்குள்ள பேரன் வீல்னு அழுதான். "எஞ் சிங்கம்!"னு கத்துனேன். வாசிலிக்கா போனப் பாத்து மூணு தடவ தூ தூன்னு துப்பிட்டு, அப்படியே தரையில உக்காந்து அழுதா.