கேத வீட்டில் சொல்லக் கூடாத சொல்

எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அமராவதிபுதூரிலிருந்து வண்டிப்பாதையில் போனால் வரும் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே மாதர் சங்கத்துக்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதனால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

ஊருக்கே குடிதண்ணீர் ஒரே ஊருணிதான். கோடை வந்தால் தண்ணீர் வற்றி, கலங்கிக் கிடக்கும். துணியில் வடிகட்டிக் குடிப்போம். வாந்தி பேதி வராத வருடம் கிடையாது. நாங்கள் நாலு பெண்கள் சேர்ந்து பக்கத்திலிருந்த பெண்கள் கல்லூரிக்குப் போய்க் கேட்டதில், வேதியியல் டீச்சர் ஒருவர் தன் மாணவிகளை அழைத்துக்கொண்டு வந்தார். கரையோரம் சிமெண்டுத் தொட்டி கட்டி, மணலும் சரளையும் கரியும் அடுக்கி, ஊருணித் தண்ணீரை அதன் வழியே வடித்தெடுப்பது திட்டம். அந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் படிப்பில் ஒரு பகுதி. சனிக்கிழமைதோறும் வருவார்கள். டீச்சர் லேசுப்பட்டவர் இல்லை. மணலைச் சரியாக அலசாமல் கொட்டினால் மொத்தத்தையும் திரும்ப அள்ளச் சொல்வார். மாணவிகள் முணுமுணுத்துக்கொண்டே அள்ளுவார்கள். பார்க்க எங்களுக்குச் சிரிப்பாக வரும்.

தொட்டி பாதி எழும்பியிருந்த நேரத்தில், என் எதிர்வீட்டுப் பெண்ணின் மகன் வாந்தி பேதியில் இறந்துபோனான். மூன்று வயது. ஒரே பிள்ளை. முதல்நாள் என் வாசலில் ஓடித் திரிந்தவன்.

துக்கம் கோபமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? காலேஜ் பிள்ளைகள் கரையில் பள்ளம் தோண்டியதால்தான் தண்ணீர் கெட்டது என்று யாரோ சொல்ல, அதுவே ஊர்ப்பேச்சு ஆகிவிட்டது. தொட்டியை இடித்துவிட வேண்டும், பெண்களுக்குச் சங்கமும் வேண்டாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். என் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. தொட்டி போனால் எல்லாப் பிள்ளைக்கும் மறுபடி அதே கலங்கல் தண்ணீர்தான்.

அந்தச் சனிக்கிழமையும் டீச்சர் மாணவிகளோடு ரோட்டு முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினார். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"டீச்சரம்மா, இன்னைக்கு வேணாம். ஆளுக ரொம்பக் கோவமா இருக்காக. அப்புடியே திரும்பிப் போயிருங்க."

"வேலைக்கு வரலைம்மா, கேதம் கேட்க வந்திருக்கோம்" என்றார். சாவு வீட்டில் துக்கம் விசாரிப்பதைத்தான் எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம்.

யாரிடமும் மண்வெட்டி, சட்டி எதுவும் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெரியவர், "ஊருணியைக் கெடுத்துப்புட்டு இப்பக் கேதம் கேக்க வந்தீகளாக்கும்" என்றார். பின்னால் வந்த மாணவிக்குப் பொறுக்கவில்லை. "நாங்க தோண்டுறதுக்கு முந்தியே சோதனை பண்ணினோம். அப்பவே தண்ணியில கிருமி..." என்று தொடங்கினாள். டீச்சர் அவள் கையை அழுத்திப் பிடித்தார். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சோதனை செய்த உண்மை கையில் இருக்கும்போது ஏன் இந்த அம்மா வாயடைத்து நிற்கிறார்?

உள்ளே போய் எங்களோடு தரையில் உட்கார்ந்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் சுவரில் சாய்ந்து கிடந்தாள். அழுது அழுது அவளிடம் கண்ணீரே மிச்சமில்லை. டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். மாணவிகள் விசும்பினார்கள்.

கேத வீட்டிலிருந்து கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் அந்த மாணவிகளில் கடைசியாக எழுந்தவள், அழுகையோடு அழுகையாக, பழக்க தோஷத்தில், "போயிட்டு வாரோம்க்கா" என்று சொல்லிவிட்டாள்.

பிள்ளையைப் பறிகொடுத்தவளின் மாமியார் நிமிர்ந்து, "இன்னொரு சாவுக்கா வருவீக?" என்றார். அந்த மாணவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது சுவரில் சாய்ந்திருந்தவள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"வரட்டும் அத்தை. வந்து அந்தத் தொட்டிய முடிச்சுக் குடுக்கட்டும். இருக்குற பிள்ளைகளாச்சும் நல்ல தண்ணி குடிக்கட்டும்."

வாசலில் இருந்தவர்கள் காதிலும் அது விழுந்தது. தொட்டியை இடிக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது டீச்சரிடம் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "கிருமி முந்தியே இருந்துச்சுன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"செத்த வீட்டுல ஜெயிச்சு என்னம்மா செய்யப் போறோம்? நாங்க தோண்டினதால இன்னும் கெட்டுச்சான்னும் பாக்கணும். மறுபடி தண்ணி எடுத்துச் சோதிக்கிறேன். தப்பு எங்க மேல இருந்தா அதையும் ஊர்ல வந்து சொல்லுறேன்" என்றார்.

சொன்னபடி வந்தார். பள்ளத்தால் தண்ணீர் கெடவில்லை என்பதை ஊர்க்கூட்டத்தில் விளக்கினார். பெரியவர்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். வேலை மறுபடி நடந்தது. முடிந்த அன்று மேளம், மாலை எதுவும் வைக்கவில்லை. தெளிந்த தண்ணீர் குழாயில் விழுந்தபோது முதல் குடத்தை எதிர்வீட்டுக்காரிதான் பிடித்தாள். அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நேரே பாலர் பள்ளிக்குப் போய், அங்கிருந்த பானையில் ஊற்றிவிட்டு, வெறுங்குடத்தோடு திரும்பி வந்தாள்.

அவள் என்னைவிட இளையவள், கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காதவள்; ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நோயில்லாமல் வளர்ந்து ஆளானதைப் பார்க்கும்போதெல்லாம், தன் பிள்ளை குடிக்க முடியாத தண்ணீரை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் அவள்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.